மலசலகூடம் வீட்டுக்குள் வந்துவிட்டது; குழாய் எங்கே போகிறது?

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரையிலான கரையோரத்தில் இன்று புதிதாக எழும் வீடுகளில், படுக்கையறையோடு ஒட்டிய மலசலகூடம் இல்லாத வீட்டைக் காண்பது அரிதாகிவிட்டது. ‘அட்டாச் பாத்ரூம்’ என்பது அதற்கு ஊரில் வழங்கும் பெயர். மத்திய கிழக்கிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் கனடாவிலிருந்தும் வீடு கட்டப் பணம் அனுப்புகிறவர்கள் தொலைபேசியில் முதலில் விசாரிப்பதும் அதைப் பற்றியே. டைல்ஸின் நிறம், கொமட்டின் வகை, சுடுநீர் இயந்திரம் வைக்கும் இடம் ஆகியவை குறித்து வாரக்கணக்கில் பேச்சு நடக்கிறது. ஆனால் அந்தக் கொமட்டிலிருந்து புறப்படும் நான்கு அங்குலக் குழாய் எவ்வழியாகச் சென்று எங்கே முடிகிறது, அக்குழாய்க்குள் காற்று எவ்வழியாக வந்து போகிறது என்னும் இரண்டு கேள்விகளை எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. இக்கேள்விகள் கேட்கப்படாமையின் விலையை எமது கிணறுகள் கொடுத்துக்கொண்டிருக்கின்றன என்பதே இந்தப் பத்தியில் நான் சொல்ல விரும்புவது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அறையோடு சேர்ந்த மலசலகூடத்தை ஆடம்பரம் என்று பழிப்பவர்களின் பக்கம் நான் இல்லை. நீரிழிவோடு வாழும் முதியவர் இரவில் நான்கு தடவை எழும்ப வேண்டியிருக்கிறது. கர்ப்பிணிப் பெண் மாரி மழையில் வளவின் கோடிவரை நடக்க வேண்டியிருக்கிறது. பாம்புக்கும் இருட்டுக்கும் வேறு அச்சங்களுக்கும் பயந்து, பெண்கள் மாலைக்குப் பின் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்ட காலத்தை எமது தாய்மார் அறிவார்கள். அந்த அவஸ்தைக்கு முடிவு கட்டிய எந்தச் சுவரும் நல்ல சுவரே. மலசலகூடம் உள்ளே வந்ததில் பிழையில்லை. அதனோடு சேர்ந்து வரவேண்டிய அறிவு வாசலிலேயே நின்றுவிட்டது என்பதுதான் குறை.

‘கக்கூசு’ என்ற எமது பேச்சுவழக்குச் சொல் ஒல்லாந்தர் விட்டுச்சென்றது என்பர். பதினேழாம் நூற்றாண்டில் கற்பிட்டியில் கோட்டை கட்டியவர்களும் அவர்களே. சொல்லை அவர்களிடமிருந்து பெற்றாலும், அதற்கான இடத்தை எமது முன்னோர் தம் அறிவைக் கொண்டே தேர்ந்தார்கள். கிணறு ஒரு பக்கம், கக்கூசு மறுபக்கத்தில் வளவின் கடைக்கோடி. நடுவில் வீடு, முற்றம், தென்னைகள். நிலத்தடி நீரோட்டம் பற்றிய பாடம் எதையும் அவர்கள் படித்ததில்லை. அருவருப்பும் துடக்கும் கலந்த ஒரு வழக்கம், தற்செயலாகவேனும் கிணற்றைக் காத்தது. இன்று அந்தத் தூரம் போய்விட்டது. தூரம் செய்த வேலையைக் குழாயும் தொட்டியும் செய்ய வேண்டும். அவற்றைச் செய்யவைக்க வேண்டியவர்கள் நாம்.

இப்போதும் திசை பார்க்கும் வழக்கம் எம்மிடம் உண்டு. முஸ்லிம் வீடுகளில் கொமட் கிப்லாத் திசையை நோக்காதபடி வைக்கிறார்கள். இந்து வீடுகளில் ஈசான மூலையைத் தவிர்க்கிறார்கள். அவரவர் நம்பிக்கை அவரவர்க்கு. அதில் எனக்கு மறுப்பில்லை. கொமட் எத்திசையை நோக்குகிறது என்று இவ்வளவு கரிசனையோடு பார்க்கிற நாம், குழாய் எத்திசைக்குப் போகிறது என்பதையும் அதே கரிசனையோடு பார்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

காற்றின் கதையிலிருந்து தொடங்குவோம். கொமட்டின் கழுத்தில் வளைந்த பகுதியொன்று இருக்கிறது. அதில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்கும். இலண்டனில் வாழ்ந்த அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கைவினைஞர் 1775இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. ஏறத்தாழ இரண்டு அங்குல உயரமுள்ள அந்த நீர்தான், குழியிலிருக்கும் வாயுவுக்கும் உங்கள் படுக்கையறைக்கும் இடையிலுள்ள ஒரே கதவு. குளியலறைத் தரையில் நீர் வடியும் துவாரத்தின் கீழும், கை கழுவும் பேசினின் கீழும் இதே நீர்க்கதவு உண்டு.

இந்தக் கதவு எப்போது உடைகிறது? ஒரே தடவையில் ஆறேழு லீற்றர் நீர் குழாயில் பாயும்போது அது தனக்கு முன்னாலுள்ள காற்றைத் தள்ளுகிறது. தனக்குப் பின்னால் வெற்றிடத்தை உண்டாக்குகிறது. அவ்வெற்றிடத்தை நிரப்பக் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். வெளியிலிருந்து வர வழியில்லையென்றால், தரைத் துவாரத்தின் நீர்க்கதவை உறிஞ்சிக்கொண்டு அறைக்குள்ளிருந்து வரும். கொமட்டில் நீரை இறைத்ததும் தரைத் துவாரம் ‘களக் களக்’ என்று ஓசை எழுப்புமானால், அது நீர்க்கதவு உடைகிற ஓசை என்று அறிக. அதன்பிறகு நாற்றம் வரத் தடையேதும் இல்லை. இதைத் தவிர்க்கவே குழாயிலிருந்து ஒரு கிளையை மேலே கொண்டுசென்று, கூரைக்கு மேல் வானத்தைப் பார்க்கத் திறந்துவிடுகிறார்கள். அதுதான் காற்றுக்குழாய். செலவு மிகச் சொற்பம். சுவர் பூசி, டைல்ஸ் ஒட்டி முடிந்தபின் அதை வைக்க வேண்டுமானால் மட்டுமே செலவு பெரிதாகிறது.

எமது உறவினர் ஒருவரின் புதிய வீட்டில் குடிபுகுந்த மூன்றாம் மாதம் நாற்றம் தொடங்கியது. ஒருவர் வாசனைத் திரவம் ஊற்றச் சொன்னார். இன்னொருவர் கொமட்டையே மாற்றச் சொன்னார். மூன்றாமவர் சுவரில் காற்றாடி பொருத்தினார். காற்றாடி பொருத்திய பின்னர் நாற்றம் கூடியது. வியப்பில்லை. ஜன்னலையும் கதவையும் மூடிவிட்டுக் காற்றாடியைச் சுழலவிட்டால், அது குழாயிலுள்ள வாயுவைத்தான் அறைக்குள் இழுக்கும். அறையின் காற்றை வெளியேற்றும் காற்றாடி வேறு. குழாய்க்குள் காற்றை விடும் காற்றுக்குழாய் வேறு. இரண்டையும் ஒன்றென்று எண்ணுவது எமது வீடுகளில் மிகப் பரவலான மயக்கம். கடைசியில் ஒரு வயதான பாஸ் வந்து, வெளிச்சுவரோரம் குழாயைத் திறந்து கூரைவரை ஒரு காற்றுக்குழாயை உயர்த்தினார். அன்றே நாற்றம் நின்றது.

வெளிநாட்டில் வாழ்வோர் கட்டிய வீடுகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பதினொரு மாதம் பூட்டிக் கிடந்து ஆகஸ்டில் மட்டும் திறக்கப்படும் வீடுகள் இவை. எமது வெயிலில் தரைத் துவாரத்தின் இரண்டங்குல நீர் சில வாரங்களில் வற்றிவிடும். பிறகு கரப்பான் பூச்சிக்கும் வாயுவுக்கும் திறந்த பாதைதான். இது வெறும் நாற்றத்தோடு முடிகிற விடயமன்று. 2003இல் ஹொங்கொங்கின் அமோய் கார்டன்ஸ் என்ற தொடர்மாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் முந்நூறுக்கும் மேற்பட்டோரைப் பீடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். விசாரித்தவர்கள் சுட்டிய காரணங்களில் முதன்மையானது, குளியலறைத் தரைத் துவாரங்களின் நீர்க்கதவுகள் வற்றிக் கிடந்தமையும், காற்றாடிகள் அவ்வழியே கழிவுக்குழாயின் நுண்துளிகளை வீடுகளுக்குள் இழுத்தமையும் ஆகும். ஊரிலுள்ள வீட்டுக்குக் காவலாக யாரையாவது வைத்திருந்தால், வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு வாளி நீர் ஊற்றச் சொல்லுங்கள். அதுவும் இயலாதெனில், புறப்படும் நாளில் நீர் நிரப்பி மேலே சிறிது சமையல் எண்ணெயை விட்டுச் செல்லுங்கள். நீர் வற்றுவது தாமதமாகும்.

காற்றுக்குழாயின் வாயில் நுண்வலை கட்டுவதும் மறக்கக்கூடாத காரியம். மலக்குழிகளில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்புதான் யானைக்கால் நோயைப் பரப்பியது. தென்மேற்குக் கரையோரமாக நீண்டு கிடந்த யானைக்கால் வலயத்தில் புத்தளம் மாவட்டமும் அடங்கியிருந்தது. இலங்கை அந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. நோய் போனாலும் நுளம்பு போகவில்லை. வலையில்லாத குழாய் அதற்கு நாம் கட்டிக் கொடுக்கும் வாசல்.

இனி நீரின் கதை. வீட்டுப் படம் வரைகிறவர்கள் மலசலகூடத்தை வீட்டின் நடுவே, இரண்டு அறைகளுக்கு இடையில் வைத்துவிடுகிறார்கள். படத்தில் அது அழகாகத்தான் இருக்கும். நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் சரிவு கொடுப்பது வழக்கம். நடுவீட்டிலிருந்து தொட்டிவரை அறுபது அடி தூரமென்றால், குழாய் ஒன்றரை அடி கீழிறங்கும். அது தரைக்குக் கீழே ஓர் அடியில் தொடங்குகிறதென்று வைத்தால், தொட்டிக்குள் நுழையும்போது இரண்டரை அடி ஆழம். அதற்குக் கீழே தொட்டியில் நீர் நிற்பதற்கு நான்கு அடி. ஆக, தொட்டியின் அடித்தளம் ஆறரை அடிக்குப் போய்விடுகிறது. அதிலிருந்து வழியும் நீரை மண்ணுக்குள் விடும் ஊறுகுழி அதைவிடவும் ஆழமாகத் தோண்டப்படுகிறது. கற்பிட்டிக் குடாநாட்டில் மாரி காலத்தில் சில அடிகளிலேயே நீர் தென்படும் இடங்கள் பல. அங்கே இந்த ஊறுகுழி மண்ணில் ஊறவில்லை. நேரே நிலத்தடி நீருக்குள் இறங்கி நிற்கிறது. வெளிச்சுவரோரம் மலசலகூடத்தை வைத்துத் தொட்டியைப் பதினைந்து அடிக்குள் அமைத்தால், இதே குழாய் ஐந்து அங்குலம்கூடக் கீழிறங்கத் தேவையில்லை. அறையின் இடத்தைச் சற்று மாற்றுவதால் கிடைக்கும் இலாபம் இது. குழாய் படுக்கையறைத் தரைக்குக் கீழே ஓடாது என்பதும், அடைபட்டால் டைல்ஸை உடைக்க நேராது என்பதும் மேலதிக இலாபங்கள்.

கற்பிட்டியின் மண்ணைப் பற்றிச் சொல்லாமல் இவ்விடயம் முழுமை பெறாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே மணல். மழைநீர் அம்மணலில் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது கைபனும் ஹேர்ஸ்பேர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த கணக்கு. வெங்காயமும் மிளகாயும் விளைவது இந்நீரில்தான். குடிப்பதும் குளிப்பதும் இதில்தான். யாழ்ப்பாணத்தார் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளில் சேமித்திருப்பதை, இங்குள்ளோர் மணலில் சேமித்திருக்கிறார்கள். இரண்டும் பொது உண்டியல்கள். ஒருவர் போடுவது எல்லோருக்கும் சேரும்.

இந்த மணலில் ‘செப்டிக் டேங்க்’ என்ற பெயரில் கட்டப்படுவனவற்றுள் பல உண்மையில் தொட்டிகளே அல்ல. சிமெந்து வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடித்தளம் போடாமல், மேலே மூடிவிடுகிறார்கள். மணல் நீரை உடனே குடித்துவிடும். “இருபது வருஷமாச்சு, ஒரு தடவைகூட பவுசர் வந்து இறைக்கவில்லை” என்று வீட்டுக்காரர் பெருமையோடு சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்படியானால் இருபது ஆண்டுக் கழிவு எங்கே போயிற்று? நிரம்பாத தொட்டி நல்ல தொட்டியன்று. அது ஓட்டைத் தொட்டி. அடித்தளமிட்டு, இரண்டு அறைகளாகப் பிரித்து, உள்ளும் புறமும் டி வடிவக் குழாய் வைத்துக் கட்டிய தொட்டியில் கசடு கீழே தங்கும். ஓரளவு தெளிந்த நீரே வெளியேறும். சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை அதை இறைத்தே ஆகவேண்டும். இறைக்க வேண்டியிருப்பது அது வேலை செய்கிறது என்பதன் அடையாளம்.

கிருமிகளை மணல் ஓரளவு வடிகட்டும். நைத்திரேற்றை வடிகட்டாது. மலசலத்திலுள்ள நைதரசன் காற்றோட்டமுள்ள மணலில் நைத்திரேற்றாக மாறி, நீரோடு நீராகக் கிணற்றுக்குச் செல்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகைப்பட்டால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகக் குறையும் அளவுக்கு அதன் செறிவு கூடும். பிள்ளைக்கு நல்லதென்று நீண்ட நேரம் கொதிக்கவைக்கும் தாய்க்கு இதை எவராவது சொல்லியிருக்கிறார்களா?

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். “கற்பிட்டியில் நைத்திரேற்று கூடியதற்குத் தோட்டங்களில் கொட்டும் உரமே காரணம், எங்கள் கக்கூசைக் குறை சொல்லாதீர்கள்” என்பார்கள். அம்மறுப்பில் உண்மை இருக்கிறது. இங்கே நிலத்தடி நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தனர்; பெரும்பழியை உரத்தின் மீதே சுமத்தினர். ஆனால் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் கிணற்றுக்குப் பொருந்துவது, நெருங்கிய குடியிருப்பின் கிணற்றுக்கு அப்படியே பொருந்தாது. அங்கே உரத்தோடு மலக்குழியும் சேர்கிறது. உரம் கிருமியைக் கொண்டுவருவதில்லை; மலக்குழி இரண்டையும் கொண்டுவருகிறது. 1854இல் இலண்டனின் புரோட் வீதியில் வாந்திபேதி பரவியபோது, மருத்துவர் ஜோன் ஸ்னோ சுட்டிய குடிநீர்க் கிணற்றுக்கு மூன்று அடிகூட இல்லாத தூரத்தில் ஒரு வீட்டின் மலக்குழி இருந்ததும், அதன் செங்கற்கட்டு சிதைந்து கசிந்ததும் பின்னர் கண்டறியப்பட்டன. ஒரேயொரு குழி; மடிந்தவர்கள் அறுநூறுக்கும் மேல்.

தூரத்தைப் பற்றி ஒரு கணக்குப் பார்ப்போம். எமது பாஸ்மார் வாய்ப்பாடாகச் சொல்வது ஐம்பது அடி. இடர்காலக் குடியிருப்புகளுக்கான சர்வதேச நியமம் சொல்வது, மலசலகூடத்துக்கும் நீர்நிலைக்கும் இடையில் 30 மீற்றர், அதாவது ஏறத்தாழ நூறு அடி. குழியின் அடித்தளம் நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றராவது மேலே இருக்க வேண்டும். பத்துப் பேர்ச் காணி என்பது 2,722 சதுர அடி. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடி. மூலைக்கு மூலை 74 அடி. ஆகவே பத்துப் பேர்ச் காணியில் எந்த மூலையில் கிணற்றையும் எந்த மூலையில் குழியையும் வைத்தாலும் நூறு அடி கிடைக்கவே கிடைக்காது. ஐம்பது அடியை எட்டினாலும், மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கிணறு பத்தடியில் இருக்கும்.

காணிகள் இப்படிச் சுருங்கியதற்கு வரலாறு உண்டு. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் வந்து தங்கியது புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும்தான். ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய வாழ்வு, பின்னர் சிறு காணிகளில் கல்வீடாயிற்று. உலக வங்கியின் உதவியோடு 2007இல் தொடங்கிய வீடமைப்புத் திட்டமும் வந்தது. இருந்தவர்களும் வந்தவர்களும் ஒரே நீர்வில்லையில் கிணறு தோண்டினார்கள். ஒரே நீர்வில்லையின் மேல் குழி தோண்டினார்கள். இதில் எவரையும் குற்றவாளியாக்க நான் விரும்பவில்லை. அகதியாக வந்தவனிடம் நூறு அடி இடைவெளி கேட்பது கொடுமை. ஆனால் முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று அந்த வீடுகளுக்கு இரண்டாம் மாடியும் ஒவ்வோர் அறைக்கும் மலசலகூடமும் வருகின்றன. நீர் இறைக்கும் அளவு பெருகும்போது குழிக்குள் போகும் அளவும் பெருகும். மண்ணின் அளவு மட்டும் மாறவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளம் வந்தபோது இந்த மாவட்டத்தின் தாழ்நிலங்களில் நடந்ததை நினைவில் கொள்ளுங்கள். வெள்ளத்துக்குக் கிணறும் குழியும் ஒன்றே. தாழ்வான தரையில் அமைந்த கொமட்டுகளின் வழியே வெள்ளம் வீட்டுக்குள் பொங்கி வரக்கூடும் என்பதையும் இனி வீடு கட்டுவோர் கருத்தில் கொள்ள வேண்டும். மலசலகூடத் தரையை உயர்த்துவதும், தொட்டியின் மூடியை நிலத்துக்கு மேலே நிறுத்துவதும் இதற்கான எளிய வழிகள்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? வீடு கட்டுகிறவர் செய்யக்கூடியன சில. மலசலகூடத்தை வெளிச்சுவரோரம் வையுங்கள். வளைவு வரும் இடமெல்லாம் திறந்து பார்க்கும் குழி வையுங்கள். காற்றுக்குழாயைக் கூரைக்கு மேல், ஜன்னல்களுக்குத் தூரமாக உயர்த்துங்கள். தொட்டிக்கு அடித்தளம் போடுங்கள். குளிக்கும் நீரைத் தொட்டிக்குள் விடாமல் பழையபடி வாழைக்கு விடுங்கள். ஆழமான ஊறுகுழிக்குப் பதிலாக, ஆழம் குறைந்த நீண்ட வாய்க்காலில் சரளைக்கல் நிரப்பி நீரை ஊறவிடுங்கள். மேல்மண்ணில் காற்றும் வேரும் உண்டு. சுத்திகரிக்கும் வேலை நடப்பது அங்கேதான். குழாய்களை மூடுமுன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர் டைல்ஸின் படத்தைக் கேட்குமுன் இந்தப் படத்தைக் கேட்கட்டும்.

ஆனால் பத்துப் பேர்ச் கணக்கு எமக்குச் சொல்வது, தனி வீட்டால் மட்டும் இது தீராது என்பதே. பிரதேச சபைக்குச் சமர்ப்பிக்கும் வீட்டுப் படத்தில் சொந்தக் கிணற்றைக் காட்டினால் போதாது. சுற்றியுள்ள நான்கு வீட்டுக் கிணறுகளையும் குறிக்க வேண்டும் என்று சபை விதிக்கலாம். மண் மூடுமுன் தொட்டியின் அடித்தளத்தை ஓர் உத்தியோகத்தர் நேரில் வந்து பார்க்க வேண்டும். நெருங்கிய குடியிருப்புகளில் பத்து வீடுகளுக்கு ஒரு பொதுத் தொட்டியும் சுத்திகரிப்பும் ஏன் கூடாது என்று கேட்க வேண்டும். பவுசர் இறைத்துச் செல்வது எங்கே கொட்டப்படுகிறது என்றும் கேட்க வேண்டும். களப்போரத்தில் கொட்டுவதற்காக ஓட்டைத் தொட்டிகளைச் சீர்செய்வதில் பயனில்லை. கிணற்று நீரின் நைத்திரேற்று அளவை ஆண்டுதோறும் சோதித்து ஊர்வாரியாக வெளியிட வேண்டும். குழாய்நீர் போய்ச் சேராத ஊர்களுக்கு அதைக் கொண்டுசெல்வதில் நெருக்கமான குடியிருப்புகளுக்கே முதலிடம் தர வேண்டும்.

இப்போதே பல வீடுகளில் கிணறு குளிப்பதற்கு மட்டும் என்றாகி, குடிநீர் போத்தலிலும் கலனிலும் விலைக்கு வருகிறது. வாங்க முடிந்தவர் வாங்குகிறார். வாங்க முடியாதவர், அடுத்த வீட்டின் அட்டாச் பாத்ரூமுக்குப் பக்கத்திலிருக்கும் தம் கிணற்றிலிருந்தே குடிக்கிறார். வசதி ஒருவருக்கும் அதன் விலை இன்னொருவருக்குமாகப் பிரிந்து கிடப்பதுதான் என்னை உறுத்துகிறது. வீடு கட்டத் தொடங்குமுன் மதிலுக்கு அப்பால் ஒரு தடவை எட்டிப் பார்த்து, “உங்கள் கிணறு எங்கே இருக்கிறது?” என்று கேளுங்கள். அதற்குப் பிறகு படம் வரையுங்கள்.